சொன்னதை மட்டும் எழுது

அந்த வீட்டில் ஒன்றைத் தேடினால் இன்னொன்றுதான் கிடைக்கும். கத்தரிக்கோலைத் தேடினால் டெஸ்டர் வரும். டெஸ்டரைத் தேடினால் மகளின் முடிக்கிளிப் வரும். அன்று காலை லிப்ட்காரர் இன்சுலேஷன் டேப்பைத் தேடிச் சமையலறை இழுப்பறையைக் குடைந்தார். கரண்டிகளுக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கினால், மூன்றாக மடித்த ஒரு கடிதம். பல்கலைக்கழக முத்திரையும் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன.

அவர் மனைவி அடுப்பில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கெண்டைச்சதையைத் தேய்ப்பாள், பிறகு காலை மாற்றுவாள். நின்ற இடத்தில் சும்மா நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இது என்ன?"

"லெட்டர்."

"லெட்டர்னு எனக்கும் தெரியுது. கரண்டிக்கு அடியில என்ன பண்ணுது?"

"காணாமப் போயிடக் கூடாதுன்னு வச்சேன்."

"நல்லா வச்ச போ. நான் டேப்பைத் தொலைக்கலேன்னா உன் பட்டம் கரண்டியோட கரண்டியாக் கிடந்திருக்கும்."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, லிப்ட் பராமரிப்புக் குறிப்பைப் படிக்கிற அதே குரலில் சத்தமாகப் படித்தார். விஷயம் சின்னதுதான். பழைய பாடத்திட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். அதில் பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த முறை தேறாவிட்டால் ஏற்கெனவே தேறிய பாடங்களும் செல்லாது. வேண்டுமானால் முதலாம் ஆண்டிலிருந்து புதிதாகச் சேர்ந்து படிக்கலாம். அவளுக்கு இருந்த பாக்கி ஒரே பாடம், புள்ளியியல். தேர்வு இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஹால் டிக்கெட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு ஒளிச்சு வச்ச?"

அவள் முட்டையைத் திருப்பிப் போட்டாள். ஓரம் கருகியிருந்தது.

"அன்னைக்கு ஆபரேட்டர் அக்காவுக்குக் கடைசிப் பேப்பர். அதே பத்து மணி. அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதறேன்னு போன மாசமே பேர் கொடுத்தாச்சு."

"அதானே பார்த்தேன்" என்றார் லிப்ட்காரர்.

அவர் மேலே பேசுவதற்குள் அவருடைய போன் அடித்தது. எங்கோ லிப்ட் பழுதாகி, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு மாப்பிள்ளையும் ஒரு சலவை இயந்திரமும் மாட்டிக்கொண்டார்களாம். பாதி முட்டையை வாயில் அடைத்துக்கொண்டு டேப் இல்லாமலே கிளம்பினார். வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பினார்.

"ஆறு வருஷமா ஊர்ல இருக்கிறவங்க பரீட்சையெல்லாம் எழுதற. உன் பரீட்சையை யார் எழுதுவா? நான் எழுதட்டுமா?"

இதைக் கோபத்தில்தான் சொன்னார். இந்த வார்த்தை பத்து நாளில் தன்னையே வந்து பிடிக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஆவண அறையில் வேலை. நோயாளிகளின் கோப்புகளை எண் பார்த்து அடுக்குவது, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தால் நாடா கட்டி வைப்பது. நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்குகிற வேலை. பட்டம் இருந்தால் அந்த அறைக்கே அவள் பொறுப்பாளர் ஆகலாம். அந்த நாற்காலி ஒன்றரை வருடமாகக் காலியாக இருக்கிறது. பட்டம் இல்லாததால் அவளிடம் சாவி மட்டும் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் பார்வையில்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிற ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். அவர்கள் வாயால் சொல்வார்கள், இவள் தாளில் எழுதுவாள். இதுவரை அறுபத்து மூன்று பரீட்சைகள். கல்லூரிப் பிள்ளைகள், வேலைத் தேர்வுக்காரர்கள், ஒரு முறை ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. எழுத்து குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கும் ஆபரேட்டர் அக்கா அவளுக்கு 'பேனா' என்று பெயர் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி, சொன்னதை மட்டும் எழுத வேண்டும். அவர்கள் சொல்வது தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது, இருமக் கூடாது, எழுதுகிற வேகத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. இரண்டாவது விதி, எழுதிக் கொடுப்பவரின் படிப்பு, பரீட்சைக்காரரின் படிப்பைவிட ஒரு படியாவது குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு படிவத்தில் 'கல்வித் தகுதி: பன்னிரண்டாம் வகுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஒரு பாடம் பாக்கி நிற்கிறவரை அவள் பட்டதாரி இல்லை. பட்டதாரி ஆகிவிட்டால் பட்டப் படிப்புக்காரர்களுக்கு அவளால் எழுத முடியாது.

புள்ளியியலை ஒரே ஒரு முறை எழுதினாள். முப்பத்தெட்டு மதிப்பெண். தேற நாற்பது வேண்டும். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது, மூன்று கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட்டு, சந்தேகப்பட்டு, தானே குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஐந்து வாய்ப்புகளையும் விட்டாள். ஒவ்வொரு முறையும் அந்த நாளில் யாருக்காவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டாள்.

லிப்ட்காரர் போன பிறகு மகள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு சமையலறை வாசலில் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கும் இருபத்து மூன்றாம் தேதி செய்முறைத் தேர்வு இருந்தது.

"ம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"துப்பிட்டு வந்து சொல்லு."

மகள் துப்பிவிட்டு வந்தாள்.

"அடுத்தவங்க பரீட்சையில நீ ஃபெயிலாகவே மாட்ட. அதான் உனக்கு அது பிடிச்சிருக்கு."

"ஓஹோ. பெரிய மனுஷி."

"நிஜமாத்தான்மா. எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. ஸ்போர்ட்ஸ் டே வந்தா ஓடமாட்டா. எல்லாருக்கும் தண்ணி பாட்டில் தூக்கிட்டு அலைவா."

"தண்ணி கொடுக்கிறது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? அவ நல்லா ஓடுவா. அதைத்தான் சொல்றேன்."

பெற்ற மகளிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. கருகிய முட்டையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்து தின்ன முடியவில்லை. சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே தின்றாள். வெளியே காற்றே இல்லை. நாலு நாளாக மேகம் கூடுவதும் கலைவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று ஆவண அறையில் அவள் மூன்று கோப்புகளைத் தவறான அடுக்கில் வைத்தாள். குடல்வால் அறுவை செய்துகொண்ட ஒருவரின் கோப்பு பிரசவப் பகுதிக்குப் போய், அங்கிருந்து ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தாள். பதினொரு மணிக்கு இணைப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

ஆபரேட்டர் அக்காவுக்கு ஐம்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் முன்னூற்றிச் சொச்சம் எண்களும் மனப்பாடம். குரலைக் கேட்டே எந்த டாக்டர் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் 'அந்தக் கண்ணு தெரியாத அம்மா' என்றுதான் அவரைக் கேட்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பட்டம் வாங்கிப் பெயர்ப் பலகையில் பெயருக்குப் பின்னால் போட்டால், அப்போதாவது அதைச் சொல்லிக் கூப்பிடுவார்களா பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். பேனா அவருக்குப் பதினேழு பாடங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதினெட்டாவதுதான் மிச்சம்.

"உட்காரு" என்றார் அக்கா, ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளிவிட்டு. "உன் வீட்டுக்காரர் போன் பண்ணார். ஆவண அறைக்குக் கொடுங்கன்னார். நான் குரலைக் கண்டுபிடிச்சு என்ன தம்பி, காலையிலேயேன்னு கேட்டேன். மனுஷன் கொட்டித் தீர்த்துட்டார்."

பேனா எழுந்து நின்றாள்.

"உட்காருன்னு சொன்னேன். அன்னைக்கே உனக்கும் பரீட்சைன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேற ஆளைப் பார்ப்பீங்க."

"பார்ப்பேன்தான். என்ன இப்போ?"

"பத்து நாள்ல யார் கிடைப்பாங்க அக்கா? கிடைச்சாலும் உங்க வேகத்துக்கு எழுதணுமே. மூணு வருஷம் கூடவே வந்துட்டு, கரை ஏறுற நேரத்துல கையை விடறதா?"

"காலை ஆட்டாதே, மேசை ஆடுது." அக்கா ஒரு அழைப்பை எடுத்து, எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "இங்க பாரு. நான் உன்கிட்ட கேட்டது எழுத்து. தியாகம் கேட்கல. நாளைக்கு நீ எங்கேயாவது உட்கார்ந்து, 'அக்காவுக்காக என் படிப்பையே விட்டேன்'னு சொல்லுவ. வாயால சொல்லாட்டியும் மனசுக்குள்ள சொல்லுவ. அந்தப் பழியை நான் சுமக்கணுமா? எனக்குப் பட்டம் கிடைச்சு, அதைத் தொடும்போதெல்லாம் உன் ஞாபகம் குத்தணுமா?"

"அப்படி நினைக்க மாட்டேன் அக்கா."

"நினைப்ப. நான்னாலும் நினைப்பேன்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேட்கிறேன். பாஸாகிட்டா யாருக்கும் எழுத முடியாதுன்னு பயமா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, யாரோ ஒருவர் அவள் கையைத் தேடிப் பிடித்து, "எல்லாத்தையும் எழுதிட்டீங்கள்ல?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த நிமிடத்தில் மட்டும்தான் அவள் மனம் ஓரிடத்தில் உட்காரும்.

"வேற ஆளைக் கொண்டு வா" என்றார் அக்கா. "மூணு நாளைக்கு முன்னாடி படிவம் கொடுக்கணும். ஆள் கிடைக்கலேன்னா நான் அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கு. உனக்கு இல்லை."

ஆள் தேடினாள். சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் பட்டியலைப் படித்துக் காட்டினார். பதினொரு பேர். ஆறு பேர் பட்டதாரிகள், விதிப்படி ஆகாது. மூன்று பேருக்கு அன்று சொந்தப் பரீட்சை. ஒருத்திக்குக் கை முறிந்து கட்டு. கடைசி ஆள் வேலை கிடைத்து ஊரைவிட்டே போய்விட்டான். பேனா மருந்துக்கடைப் பெண்ணைக் கேட்டாள், கேன்டீன் கணக்குப்பிள்ளையைக் கேட்டாள், கீழ்வீட்டுத் தையல்காரியைக் கேட்டாள். வியாழக்கிழமை வேலை நாள், யாரும் அசையவில்லை. ராத்திரி படிக்க உட்கார்ந்தால் சராசரியும் விலக்கமும் கண்ணில் படும், மண்டையில் ஏறாது. ஒரு கணக்கைப் போடுவாள், உடனே அடிப்பாள்.

சனிக்கிழமை மதியம், படிவம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, லிப்ட்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நான் பத்தாவது. அப்புறம் ரெண்டு வருஷம் தொழிற்பயிற்சி. உங்க ரூல்ல எனக்கு இடம் இருக்கா?"

மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"நீயாப்பா? நீ மூணு மணி நேரம் ஒரே இடத்துல உட்காருவியா? சினிமாவுக்கு வந்தாலே இடைவேளையில காணாமப் போயிடுவ."

"பேசாம, அவங்க சொல்றதைக் கேட்கணுங்க" என்றாள் பேனா. அவளுக்கும் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் அவர் முடிக்க விட்டதில்லை.

லிப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "லிப்ட் பதிவேட்டுல இருபது வருஷமா எழுதறேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது தெரியுமா?"

அது உண்மைதான். இருபது வருடமாக அவர் எழுதியது ஒரே வரி: 'பரிசோதிக்கப்பட்டது. இயங்குகிறது.' ஆனால் எழுத்து மட்டும், யாரும் எதிர்பார்க்காதபடி, நல்ல எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபரேட்டர் அக்கா வீட்டில் ஒத்திகை. ஒற்றை அறை. கட்டில், மேசை, இரண்டு நாற்காலி, ஒரு அலமாரி, எல்லாம் அளந்து வைத்தது போல இருந்தன. லிப்ட்காரர் உள்ளே போனதும் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைச் சன்னலில் வைத்தார்.

"தம்பி, தம்ளரை எடுத்த இடத்துல வைங்க."

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"மேசையில வச்சா ஒரு சத்தம், சன்னல்ல வச்சா ஒரு சத்தம். உங்க வீடு மாதிரின்னு நினைச்சீங்களா? இங்க ஒண்ணு இடம் மாறினா நான் நாள் பூரா தேடணும்."

லிப்ட்காரர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்தார். பேனா மூலையில் நின்றாள். அக்கா பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து, யாரோ ஒரு அரசன் போட்ட வரிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாலு வாக்கியம் போனது.

"அக்கா, ஒரு சந்தேகம். அந்த ராஜா செத்துட்டார்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிட்டீங்களே. செத்தவர் எப்படி வரி போட்டார்?"

"அது அவர் அப்பா."

"அப்போ 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கட்டுமா? படிக்கிறவருக்குப் புரியும்."

"தம்பி, நான் சொன்னேனா?"

"இல்லை."

"சொன்னதை மட்டும் எழுதுங்க."

லிப்ட்காரர் இரண்டு நிமிடம் ஒழுங்காக எழுதினார். பிறகு போன் அடித்தது. எடுத்தார். யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். "கதவைத் தட்டாதீங்க, பொத்தானை அமுக்காதீங்க, உட்கார்ந்து மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு உதவியாளை அனுப்பினார். திரும்பி வந்தால் எந்த வாக்கியத்தில் விட்டார் என்று தெரியவில்லை.

"அக்கா, இது ஆகாது" என்றாள் பேனா. "நானே வந்துடறேன்."

"நீ வெளியில போ" என்றார் அக்கா.

"என்னது?"

"நீ அங்க நின்னுக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவர் உன்னைத்தான் பார்க்கிறார். உன் கால் தரையைத் தேய்க்கிற சத்தம் என் காதைக் குடையுது. வீட்டுக்குப் போய்ப் படி. நாங்க பார்த்துக்கிறோம்."

அவள் தெருவில் வந்து நின்றாள். உள்ளே அக்காவின் குரல் மறுபடி தொடங்கியது. தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அது கட்டின புருஷன்தான் என்றாலும், பொறாமை பொறாமைதான். அரை மணி நேரம் அந்தத் தெருவிலேயே மேலும் கீழும் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை வானம் உப்பிக்கொண்டு நின்றது, ஒரு சொட்டு விழவில்லை. லிப்ட்காரர் வெளுத்த சட்டை போட்டு, பையில் நாலு பேனா குத்தியிருந்தார். மாட்டிக்கொள்கிறவர்களையெல்லாம் உதவியாள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. அவர் அக்கா வீட்டுக்கும் அவள் தேர்வு மையத்துக்கும் பஸ் பிடித்தார்கள்.

தேர்வு அறையில் அவளுக்கு இரண்டாவது வரிசை. விடைத்தாள் வந்ததும், கை தானாகக் கட்டங்களை நிரப்பியது. ஏழு இலக்கம். எழுதி முடித்து ஹால் டிக்கெட்டோடு சரிபார்த்தாள். அது ஆபரேட்டர் அக்காவின் பதிவெண். மூன்று வருடமாகப் பதினேழு முறை எழுதிய எண். தன் எண்ணை அவள் எழுதி வருடக்கணக்காகிறது.

"சார், நம்பர் மாத்தி எழுதிட்டேன்."

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். "இது யார் நம்பர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களோடது."

"சொந்த நம்பரை விட்டுட்டு ஊரார் நம்பரையா மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க?" என்று அலுத்துக்கொண்டு, கோடு போட்டுத் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வினாத்தாளைப் படித்தாள். முதல் கேள்வி தெரிந்த கேள்விதான். பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆயிற்று. எதற்குக் காத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. யாராவது சொல்ல வேண்டும் என்று கை காத்திருக்கிறது. ஆறு வருடமாக அந்தக் கைக்கு ஒரு குரல் கேட்டால்தான் ஓட்டம். அவளுக்கு அழுகை முட்டியது. இந்த வேடிக்கையை யாரிடம் போய்ச் சொல்வது? அதே பத்து மணிக்கு, நாலு தெரு தள்ளி, லிப்ட்காரர் செத்த ராஜாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். போனை வாசலிலேயே கொடுத்துவிட்டாரா? அக்காவை இடைமறித்துவிட்டாரா? எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

வேறு வழியில்லாமல் வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தாள். "மொத்தத்தை எண்ணிக்கையால் வகுக்க..."

"யாரோட பேசறீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"யாரோடயும் இல்லை சார்."

"அப்போ வாயை மூடுங்க."

வாயை மூடினாள். கண்ணையும் மூடினாள். உள்ளே குரல் நிற்கவில்லை. தன் குரல்தான், கொஞ்சம் கட்டையாக, அவசரமில்லாமல், ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, அது சொன்னதை எழுதினாள். விடை பதினான்கு புள்ளி இரண்டு. உடனே பழைய வியாதி வந்தது. தப்போ? வர்க்கமூலம் எடுக்க மறந்தேனோ? பேனா முனை குறுக்குக் கோடு போடத் தாளில் பட்டுவிட்டது.

நீதிபதி ஒரு முறை தப்பான வருடத்தைச் சொன்னபோது, அது தப்பு என்று தெரிந்தும் இவள் கை நடுங்காமல் எழுதியது நினைவுக்கு வந்தது. அடுத்தவர் தப்பைக்கூட மதித்து எழுதியவள், தன் சரியை மதிக்காமல் மூன்று கணக்கை அடித்தாள். தனக்கு மட்டும் இப்படி ஒரு அநியாயம் செய்துகொள்ள என்ன காரணம் என்று அவளுக்கே கோபம் வந்தது. கோட்டைப் போடாமல் கையை எடுத்தாள். அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்குப் பிறகு எதையும் அடிக்கவில்லை. இரண்டு கேள்விகள் தெரியவில்லை, அவற்றைச் சும்மா விட்டாள். மூன்று மணி நேரமும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

மணி அடித்ததும் நாலு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். பார்வையில்லாதவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, அதனால் அவர்கள் இன்னும் வெளியே வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் காவலாளி ஒரு போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் லிப்ட்காரரைப் பற்றி விசாரித்ததும் நிமிர்ந்தார்.

"இது உங்க வீட்டுக்காரரோடதாம்மா? என்னை உட்காரவே விடல. பதினேழு தடவை அடிச்சுது. ஒரு அம்மா என்னையே லிப்ட் மெக்கானிக்னு நினைச்சு அழுதாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உட்கார்ந்து மூச்சு விடுங்கன்னேன். வேற எனக்கு என்ன தெரியும்?"

அவள் உதவியாளைக் கூப்பிட்டு விசாரித்தாள். அந்த அம்மா அப்போதே வெளியே வந்துவிட்டார்களாம். சுவரோரம் நின்றாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். காவலாளி தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்து உடனே எழுந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். அக்கா லிப்ட்காரரின் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தார். லிப்ட்காரரின் வலது கை, இல்லாத பேனாவைப் பிடித்தபடி மடங்கியே இருந்தது. அவர் முகத்தில் அவள் பார்த்திராத ஒரு அமைதி.

"எப்படிக்கா எழுதினார்?"

"இருபத்தாறு பக்கம். ஒரு தடவை பெருமூச்சு விட்டார். நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. 'தம்பி, மூச்சும் விடக் கூடாது'ன்னேன். அப்புறம் அதையும் விடல."

"நாலு மணி நேரம்" என்றார் லிப்ட்காரர். குரல் கம்மியிருந்தது. "ஒருத்தங்க பேசறதை, நடுவுல வாயைத் திறக்காம, நாலு மணி நேரம் கேட்டேன். தலைக்குள்ள என்னமோ காலியாகி, காத்து வர்ற மாதிரி இருக்கு." மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவர், "நீ எப்படி எழுதின?" என்று கேட்டார்.

அவள் பதிவெண்ணில் ஆரம்பித்தாள். சிரிப்பார் என்று பார்த்தாள், கிண்டல் வரும் என்று பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே நடந்தார். அவள் கண்காணிப்பாளரைச் சொன்னாள், கை காத்திருந்ததைச் சொன்னாள், அடிக்காமல் விட்ட பதினான்கு புள்ளி இரண்டைச் சொன்னாள். கரண்டிக்கு அடியில் கடிதத்தை ஏன் வைத்தாள் என்பதையும் சொன்னாள். பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. அவள் முடிக்கிறவரை அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மட்டும் நடுவில் ஒரு முறை, "பஸ் போச்சு, பரவாயில்லை, நீ சொல்லு" என்றார்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. அந்த ஏழு வாரமும் வீட்டில் கரண்டி விழுந்தால்கூடத் திடுக்கிட்டாள். மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். நாற்பத்தொன்று. ஒரு மதிப்பெண் மேலே. லிப்ட்காரர் மகளிடமிருந்து போனை வாங்கித் தானும் ஒரு முறை பார்த்துவிட்டு, "பரிசோதிக்கப்பட்டது, இயங்குகிறது" என்றார். ஆபரேட்டர் அக்காவுக்கு அந்தப் பாடத்தில் அறுபத்திரண்டு. பதினெட்டும் தேறிவிட்டார்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, பட்டப்படிப்புப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். இனிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுத முடியாது. அறுபத்து மூன்றோடு நின்றது. காலியாக இருந்த நாற்காலி அந்த வாரமே அவளுக்கு வந்தது. உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து ஏணியில் ஏறிக் கோப்புகளை அடுக்கினாள்.

பதினொரு மணிக்கு இணைப்பகத்திலிருந்து அழைப்பு.

"உட்காரு" என்றார் அக்கா. மேசையில் ஒரு படிவம் இருந்தது. "பேனா எடு. நான் சொல்லச் சொல்ல நிரப்பு."

"என்ன படிவம் அக்கா?"

"கேள்வி கேட்காதே. விண்ணப்பதாரர் பேர், என் பேர். பாடம், வரலாறு. படிப்பு, முதுகலை."

அவள் கை ஒரு நொடி தயங்கி எழுதியது.

"மேலே படிக்கப் போறீங்களா? சொல்லவே இல்லையே!"

"நேத்து சேர்ந்தேன். முதல் பரீட்சை அஞ்சு மாசத்துல. அடுத்த கட்டம் படி."

"எழுதிக் கொடுப்பவர் பெயர்."

"உன் பேர்."

எழுதினாள். அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். கால் ஆடுவது நின்றிருந்தது.

"படிக்க வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "கல்வித் தகுதி. அதுல எழுது, பட்டதாரி."

தாளின் மேல் பேனா நின்றது.

"என்ன, சத்தமே காணோம்?" என்றார் ஆபரேட்டர் அக்கா. "சொன்னதை எழுது."

எழுதினாள்.